மூன்றாம் வரிசை, பதினொன்றாவது மரம்

பேராயத்திலிருந்து படிவம் வந்தது,
இளநீலத் தாள், ஐந்து ஆண்டுக்கு ஐந்து கட்டம்,
மேலே 'திட்டமிட்ட காணிக்கை' என்று.
இருநூற்றுப் பதினான்கு குடும்பம்.
நான் பொருளாளன்.
முப்பத்தொரு வருடம் மார்த்தாண்டம் – களியக்காவிளை பஸ்ஸில்
கண்டக்டராய் நின்றவன்.
காணிக்கைப் பையைக் கவிழ்த்ததும்
கிழிந்த நோட்டைத்தான் விரல் முதலில் தொடும்.
யார் போட்டதென்றும் பெரும்பாலும் தெரியும்.
சொல்வதில்லை.

படிவங்கள் திரும்பின,
ஆயிரம், ஐயாயிரம் என்று உருண்டையான எண்களோடு.
துபாயிலிருந்து எட்வின் ஒரு லட்சம் எழுதி
பக்கத்தில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்றிருந்தான்.
அவருக்கு இன்னும் சித்தமாகவில்லை.

சோபிதம் எண் எழுதவில்லை.
ஐந்து கட்டத்துக்கும் குறுக்கே
'மூணாம் வரிசை, பதினொண்ணாம் மரம்.'

மரத்தைக் கூட்டலில் எப்படி அக்கா வைப்பது?
"பாலு வந்தா சக்கரம் வரும். வந்தபெறவு கூட்டும்."
பிறகு என் தாளை எட்டிப் பார்த்தாள்.
'இயன்றவரை' என்று எழுதியிருந்தேன்.
"அது எந்த மரம் வேய்?"

எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில்,
கணவன் வழிப் பங்கு முப்பத்தாறு சென்ட் ரப்பர்.
இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டி
மாநிலம் தாண்டிப் போய் வெட்டுவாள்.
செக்போஸ்டில் கோழி லாரிகள் வரிசையில் நிற்கும்.
அவளை ஒருநாளும் நிறுத்தியதில்லை.
ஒற்றை மரத்துப் பாலில் ஷீட் அடிக்க முடியாது.
பதினொன்றின் சிரட்டையில் மட்டும்
உறையவிட்டு, கட்டியாய்ப் பெயர்த்து,
தனிப் பையில் போட்டு விற்பாள்.

மாதக் கடைசி ஞாயிறு வரும்:
நாற்பத்தேழு ரூபாய். அறுபத்திரண்டு.
இடவப்பாதி மழையில் ஒன்றுமில்லை.
கட்டத்தைச் சும்மா விடப் போனேன்.
"சுழியம் எழுதும். நான் வந்தேன்னு இருக்கட்டு."
மாசியில் இலை கொட்டும்போது
மறுபடி ஒரு சுழியம்.
தணிக்கைக்கு வந்தவர்
பிசகாத வரி இது ஒன்றுதான் என்றார்.
என் வரியும் அந்தப் பக்கத்திலேதான் இருந்தது.

மூன்றாம் வருடம் மகன் நிலத்தை விற்றான்.
வாங்கியவர் சுகதன், நெய்யாற்றின்கரையில் மரக்கடை.
பத்திரம் மலையாளத்தில்.
கையெழுத்துப் போடும் நேரம் பேனாவைக் கீழே வைத்து
பதினொண்ணு எனக்கதில்ல என்றாளாம்.
பின்னே ஆருடே?
சபைக்குள்ளது.
எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மகன் தரையைப் பார்த்தான்.
ஒரு மரத்துக்காகப் பத்திரம் திருத்த
யாருக்கும் நேரமில்லை.
எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதையும்.

ஆவணியில் ஒரு பிக்கப் வண்டி
கோயில் வாசலில் நின்றது, எஞ்சினை அணைக்காமல்.
டிரைவர் ஓர் உறையை நீட்டினான்.
இரண்டாயிரத்து நூற்றெண்பது.
உறைமேல் மலையாளத்தில் இரண்டு வரி,
பஸ் போர்டு படித்த பழக்கத்தில் எழுத்துக் கூட்டினேன்:
பதினொன்று.
வெட்டுக்கூலி கழித்தது.

ரசீது யார் பெயருக்கு?
சுகதன் சபையில் இல்லை, வேதத்திலும் இல்லை.
அந்தக் காலத்தில் சில்லறை தட்டினால்
டிக்கெட்டின் பின்னால் மீதியைக் கிறுக்கிக் கொடுப்பேன்.
அதுபோலவே
முன்பக்கம் சோபிதம்,
பின்பக்கம் சுகதன்.

படிவத்தில் இன்னும் இரண்டு கட்டம் மீதி.
மரம்தான் போயிற்றே,
கோடு போட்டு அடித்துவிடவா அக்கா என்றேன்.
பேனாவை வாங்கிக்கொண்டாள்.
பள்ளிக்கூட எழுத்தில், மெதுவாய்,
'செவ்வாக்கெழமை முட்டை. ஒண்ணு.'

நல்லது, ஆராதனை முடிந்து ஏலம் விடலாம்.
கோழி எத்தனை கிடக்கிறது வீட்டில்?

"இனிதான் வாங்கணும்."